21 வருட காருக்கு எந்த இன்ஜின் போடுவது?

வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம். அவர் பெயரையும் காரின் பெயரையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கார் வாங்கி 21 வருடம் ஆகிறது. நான்கு சிலிண்டர், 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். ஓடியது 2,40,000 கி.மீ. இரண்டு மாதம் முன்பு வெளியூர் போகும் வழியில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தும், பட்டறை பக்கத்தில்தானே என்று ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார். அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, கொஞ்ச நேரம் மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவது), கூலன்ட் டப்பா காலியாகிக்கொண்டே போகிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி அதே கதை. இப்போது மெக்கானிக் "இன்ஜின் முடிஞ்சுபோச்சு" என்கிறார். மூன்று வழியும் சொல்லியிருக்கிறார். அதே மாடல் காரிலிருந்து கழற்றிய, "60,000 கி.மீ. மட்டுமே ஓடிய" இன்ஜின் ஒன்று இருக்கிறதாம். அதே கம்பெனியின் 1.8 லிட்டர் இன்ஜினும் இருக்கிறதாம், "பவர் கூடும், மைலேஜ் குறையாது" என்கிறார். இரண்டும் வேண்டாம் என்றால் இருக்கிற இன்ஜினையே பிரித்து ஓவர்ஹால். உறவினர்கள் சொல்வது நாலாவது வழி: "காயலான் கடையில் போடு." அதற்கு மட்டும் வாசகருக்கு மனம் வரவில்லை. முட்டிவலிக்காரரான அவருடைய அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குகிற கார் இது ஒன்றுதானாம்.

"எந்த இன்ஜினைப் போடட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

வணக்கம். எந்த இன்ஜின் என்பதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் காருக்கு இன்ஜின் மாற்றத்தான் வேண்டுமா என்பதே எனக்கு இன்னும் நிச்சயமாகவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் எல்லாம் முதலில் கை காட்டுவது சிலிண்டர் ஹெட்டை. கீழே இருக்கும் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த உடல்), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), பிஸ்டன் எல்லாம் போய்விட்டது என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு தடயமும் இல்லை. ஆயில் குடிக்கிறது என்றோ, நீலப் புகை என்றோ, கீழேயிருந்து டொக்டொக் சத்தம் வருகிறது என்றோ நீங்கள் எழுதவில்லை. கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

நடந்தது அநேகமாக இதுதான். அலுமினிய ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்துவிடும். சில சமயம் வால்வு சீட்டுகளுக்கு (வால்வு வந்து உட்காரும் வளையங்கள்) நடுவே விரிசலும் விடும். வளைந்த ஹெட்டின் மேல் எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் அது கொஞ்ச நாள்தான் தாங்கும். ஹெட்டைத் திருப்பி வைத்து, குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் ஒரு நேர்விளிம்புப் பட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பல இன்ஜின்களுக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் வளைவு 0.05 மி.மீ. அளவுதான். தலைமுடிப் பருமன்கூட இல்லை. கண்ணால் பார்த்து, விரலால் தடவி, "நேரா இருக்கு" என்று சொல்லக்கூடிய சமாச்சாரம் இல்லை இது.

ஆகவே மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: போன தடவை ஹெட்டை லேத்துக்கு அனுப்பினீர்களா? மட்டம் பார்த்து, பிரஷர் டெஸ்ட் செய்தார்களா? அதற்கு ரசீது இருக்கிறதா? சண்டைக்குப் போகிற தொனியில் கேட்க வேண்டாம். சூடான வண்டியை ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டியது நீங்கள், அதை மறந்துவிட வேண்டாம். ஆனால் அளந்து பார்க்காமல் கேஸ்கெட் போட்டிருந்தால், அந்த இரண்டாவது தவறு அவருடையது. வேலைக்கு வாரண்டி எழுதிக் கொடுத்திருந்தால் கூலியையாவது கழிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

அரை நாள் வேலை. புது இன்ஜினோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. முடிந்தால் வேறு பட்டறையில், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது செய்யச் சொல்லுங்கள்.

முதலில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று பிளக் லேசான பழுப்பாக இருந்து, ஒன்று மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்தது போல வெளுத்திருந்தால், கூலன்ட் அந்த சிலிண்டருக்குள் போகிறது. ஆவி அதைக் கழுவிவிடுகிறது. ஒரு மீட்டரும் இல்லாமல் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று அளப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கும் வெளியே, ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதித்த நிலை, இக்னிஷனும் பெட்ரோலும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 120 முதல் 200 பிஎஸ்ஐ-க்குள் வரும். சரியான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். தனித்தனி எண்ணைவிட நாலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் எனக்கு முக்கியம். மிகக் குறைந்தது மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் கோளாறு இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம்) தேய்மானம். ஏறவே இல்லையென்றால் வால்வு அல்லது கேஸ்கெட்.

லீக்டவுன் டெஸ்ட் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பிளக் துவாரம் வழியாகக் காற்றை ஏற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்க வேண்டியதுதான். ஆயில் மூடியில் உஸ்ஸென்று கேட்டால் ரிங். சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். இதையெல்லாம் பார்த்தபின் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் ஆயில் பிரஷரைப் பாருங்கள். டேஷ்போர்டில் எரியும் ஆயில் விளக்கை நம்ப வேண்டாம். பிரஷர் ஏறக்குறைய இல்லாமலே போனபிறகுதான் அது எரியும்.

ரிங்கும் ஆயில் பிரஷரும் சரியாக இருந்தால், உங்களுக்குத் தேவை ஒரு ஹெட். இருப்பதைப் பிளேன் செய்யலாம், அதாவது மட்டமாகச் சீவலாம். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போய்விட்டாலோ, விரிசல் இருந்தாலோ, வேறு ஹெட் வாங்கி, வால்வு வேலை பார்த்து மாட்டலாம். அதோடு வேலை முடிந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அவ்வளவு சூட்டில் பிஸ்டன் சிலிண்டர் சுவரை உரசிக் கோடு போட்டிருக்கவும், ரிங் தன் விறைப்பை இழந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால்தான் உங்கள் மெக்கானிக் சொன்ன மூன்று வழியும் மேஜைக்கு வருகின்றன.

"60,000 மட்டுமே ஓடியது"

இன்ஜினுக்கு மீட்டர் கிடையாது. கிலோமீட்டர் எண் காரின் டேஷ்போர்டில் இருந்தது. இன்ஜினைக் கழற்றிய நிமிடமே அது விற்பவரின் வாய்ச்சொல்லாகிவிட்டது. சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதே மாடல் என்பதால் அந்தக் காருக்கும் சுமார் இருபது வயது இருக்கும். 60,000-ஐ இருபதால் வகுத்தால் வருடத்துக்கு 3,000 கி.மீ. அதாவது இரண்டு தெரு தள்ளி ஓட்டி, இன்ஜின் முழுதாகச் சூடாகும் முன்பே நிறுத்திய வண்டி, அல்லது வருடக்கணக்கில் சும்மா நின்ற வண்டி. ஆயில் சேறாவதும், சிலிண்டரில் துரு பிடிப்பதும், ரப்பர் சீல் இறுகுவதும் இப்படிப்பட்ட வண்டிகளில்தான். நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய 1,50,000 கி.மீ. இன்ஜினை நான் இதற்கு முன்னால் எடுப்பேன்.

என் பட்டறைக்கு ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் இப்படி ஒரு இன்ஜினை வாங்கிக் கொண்டுவந்தார். கழுவி, வெள்ளி பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் சுற்றி, கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினேன். உள்ளே செம்மண் குழம்பு. கூலன்டே பார்க்காமல் வெறும் தண்ணீரில் ஓடிய இன்ஜின். சம்ப் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) போல்ட்டைக் கழற்றி வடிந்த ஆயிலை வெளிச்சத்தில் சாய்த்தால், ஜிகினாத் தூள் போல மினுமினுப்பு. பேரிங் மெட்டல் கரைந்து வந்திருக்கிறது. வெளியே கழுவி வைத்த இன்ஜின் என்றாலே எனக்குக் கொஞ்சம் இடறும். எங்கே கசிந்தது என்று சொல்லக்கூடிய சாட்சியையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டார்ட் செய்து காட்டும் இன்ஜினை, முடிந்தால் இன்னும் வண்டியிலேயே இருப்பதை, வாங்குங்கள். மேலே சொன்ன கம்ப்ரெஷன் டெஸ்ட் இதற்கும் பொருந்தும். கழற்றி வைத்திருந்தால், பிளக்குகளை எடுத்துவிட்டு கிராங்க் புல்லியை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது. அந்தக் கார் ஏன் உடைக்கப்பட்டது என்று கேளுங்கள். பின்னால் இடி வாங்கிய கார் என்றால் நல்லது. முன்னால் இடி என்றால் புல்லி, மவுண்டிங் காது (இன்ஜினை வண்டியோடு பிடிக்கும் இடம்), சம்ப் எல்லாம் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அந்த 1.8 லிட்டர் ஆசை

இதில்தான் உங்களைக் கொஞ்சம் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒரே கம்பெனி என்பதால் பொருந்திவிடாது. அண்ணன் செருப்பு தம்பிக்குச் சேருமா? இன்ஜினை கியர்பாக்ஸோடு சேர்க்கும் போல்ட் துவாரங்கள், கிராங்க்கின் பின்முனை, ஃப்ளைவீல், மவுண்டிங், சம்ப்பின் வடிவம், எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் வெளியேறுகிறது, இத்தனையும் ஒத்துவர வேண்டும். இரும்பு விஷயத்தையாவது வெல்டிங் வைத்துச் சரிக்கட்டலாம். எலெக்ட்ரிக் விஷயம் அப்படி இல்லை. கிராங்க் சென்சார் எண்ணும் பல்சக்கரத்தில் பல் எண்ணிக்கை மாறினாலே உங்கள் இசியு-வுக்கு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) இன்ஜின் எங்கே நிற்கிறது என்று தெரியாது. உங்களுடையது கேபிள் ஆக்ஸிலரேட்டர், அது எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் பெடலிலிருந்தே மாற்ற வேண்டும். கடைசியில் அந்த இன்ஜினோடு அதன் இசியு, வயரிங், சாவி இம்மொபிலைஸர் (சரியான சாவி இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆக விடாத அமைப்பு) எல்லாம் வரும். அந்த வேலை எப்போது முடியும் என்று எந்த மெக்கானிக்காலும் உறுதி சொல்ல முடியாது.

அப்புறம் அந்த மைலேஜ் வாக்குறுதி. அதே தலைமுறையைச் சேர்ந்த, அளவில் பெரிய இன்ஜினைப் போட்டால் மைலேஜ் குறையும் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும். கூடுதல் பவருக்கு கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் எல்லாம் தாங்குமா என்றும் யோசிக்க வேண்டும். சட்டப்படி இது வெறும் ரிப்பேர் அல்ல, வாகனத்தையே மாற்றுவது. பல இடங்களில் முன் அனுமதி, சோதனை, புகைப் பரிசோதனை எல்லாம் உண்டு. இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லாமல் ஓட்டி ஒரு விபத்து நடந்தால், கிளெய்மை மறுக்க அவருக்கு அதுவே காரணமாகிவிடும். உங்கள் தேவை அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் கூட்டிப் போவது. அதற்கு 1.6 தாராளம்.

ஓவர்ஹால் என்றால் எதுவரை?

"பிரிச்ச இன்ஜின் புதுசு மாதிரி ஆகாது" என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்காகச் செய்தால் ஆகும். அவசரமாக ரிங்கையும் பேரிங்கையும் மட்டும் மாற்றிப் பூட்டுவதால்தான் அந்தக் கெட்ட பெயர். 2,40,000 கி.மீ. ஓடிய சிலிண்டர் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தேய்ந்திருக்கும். வட்டமாகவும் இருக்காது. அதில் புது ரிங் போடுவது முட்டை வடிவப் பாத்திரத்துக்கு வட்ட மூடி போடுவது போலத்தான். போர் கேஜ் வைத்து அளந்து, தேய்மானம் வரம்பைத் தாண்டியிருந்தால் ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கிராங்க் ஜர்னல் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் பகுதி) தேய்ந்திருந்தால் கிரைண்டிங், அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் மெட்டல். சில அலுமினிய பிளாக்குகளின் சிலிண்டர் சுவரில் கெட்டியான மேற்பூச்சு இருக்கும். அவற்றை சாதாரணமாக ரீபோர் செய்ய முடியாது. உங்கள் இன்ஜின் எந்த வகை என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கினால் நீளும் வகையாக இருந்தால் அவையும் புதிதாக வர வேண்டும்.

லேத்காரரிடமிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு ஜர்னலுக்கும் அளவு எழுதிய தாள் வாங்கித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைத் தயங்காமல் தருகிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம். "அதெல்லாம் எதுக்கு சார், நான் பாத்துக்கறேன்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

நடுவழி ஒன்றும் உண்டு. தொழிற்சாலை முறையில் புதுப்பித்த இன்ஜின், உங்கள் பழைய இன்ஜினைக் கொடுத்து வாங்கும் ஏற்பாட்டில் சில மாடல்களுக்குக் கிடைக்கும். ஷார்ட் பிளாக் என்றால் பிளாக், கிராங்க், பிஸ்டன் வரை. லாங் பிளாக் என்றால் ஹெட்டும் சேர்த்து. நேரம் மிச்சம், வாரண்டியும் தெளிவு. ஆனால் "புதுப்பித்தது" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருக்கிறது. என்னென்ன புதிது, எவற்றை அளந்து பார்த்துப் பழையதையே வைத்தார்கள் என்று பட்டியல் கேளுங்கள்.

காகிதத்தில் இருக்க வேண்டியவை

வேறு இன்ஜின் போட்டால் அதன் எண்ணும் வேறு. பதிவு ஆவணத்தில் இன்ஜின் எண் இருந்தால் அதை மாற்றியாக வேண்டும். அதற்கு என்னென்ன கேட்பார்கள் என்று உங்கள் வாகனப் பதிவு அலுவலகத்தில், வாங்குவதற்கு முன்பே, விசாரித்துவிடுங்கள். ரசீதில் இன்ஜின் எண், எடுத்த காரின் விவரம், விற்பவரின் கையெழுத்து மூன்றும் வேண்டும். எண் பொறித்த இடத்தைச் சுரண்டியோ தேய்த்தோ வைத்திருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் பணமும் போகும், நீங்கள் ஸ்டேஷனில் பதில் சொல்லவும் வேண்டியிருக்கும்.

வாரண்டியில் எத்தனை மாதம் என்பதைவிட எது அடங்கும் என்பதைப் பாருங்கள். இன்ஜின் மட்டுமா, அதைக் கழற்றி மாட்டும் கூலியுமா? பல வாரண்டிகளில் கூலி கிடையாது. கூலிதான் பெரிய தொகை. சிலர் ஹெட்டில் சின்ன வெப்ப வில்லை ஒட்டி அனுப்புவார்கள். இன்ஜின் அளவு மீறிச் சூடானால் அது உருகிவிடும், உருகினால் வாரண்டி இல்லை. உங்களுக்கு அந்த வரலாறு இருப்பதால் சொல்கிறேன்: எந்த இன்ஜின் போட்டாலும் ரேடியேட்டர், எல்லா ஹோஸ்களும், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்யாமல் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். பழைய இன்ஜினை எது கொன்றதோ அது புது இன்ஜினையும் கொல்லும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், பின்பக்க கிராங்க் சீல், கிளட்ச் மூன்றையும் முடித்துவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம்.

காயலான் கடை யோசனையையும் நான் ஒதுக்கவில்லை. "காரின் விற்பனை விலையைவிட இன்ஜின் செலவு அதிகம்" என்று உறவினர்கள் போடும் கணக்கு மட்டும் அரைகுறை. இந்தக் கார் போனால் அந்த இடத்துக்கு வரும் காருக்கு என்ன ஆகும், அதில் என்னென்ன ஒளிந்திருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள், இன்ஜினைத் தாங்கும் சட்டம், இவற்றில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிற அளவுக்குத் துரு இருந்தால், இன்ஜினுக்கு ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். பழைய வாகனங்களுக்கு வயது வரம்பு இருக்கும் இடமாக இருந்தால், இன்னும் எத்தனை வருடம் ஓட்ட அனுமதி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என் முடிவைக் கேட்டால், வரிசை இதுதான்: இன்ஜினின் அடிப்பாகம் நன்றாக இருந்தால் முதலில் ஹெட் வேலை. சிலிண்டர் கெட்டிருந்தால் அளவுத் தாளோடு ஓவர்ஹால், அல்லது புதுப்பித்த லாங் பிளாக். கழற்றிய இன்ஜின் அதற்கப்புறம்தான், அதுவும் டெஸ்ட் செய்து காட்டினால். 1.8 வேண்டாம்.

இப்போதைக்கு யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டியையும் ஓட்டாதீர்கள்; சிலிண்டரில் கூலன்ட் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். டோ செய்தே கொண்டுபோங்கள். சோதனைக்காக ஸ்டார்ட் செய்வதும், பிளக்குகளைக் கழற்றி உள்ளே கூலன்ட் தேங்கவில்லை என்று பார்த்தபின்தான். நாலு சிலிண்டரின் கம்ப்ரெஷன் எண்ணையும், ஆயில் விட்டபின் வந்த எண்ணையும், துணியில் வரிசையாக வைத்த பிளக்குகளின் ஒரு படத்தையும் அனுப்பினால், ஹெட்டா பிளாக்கா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.